நீதிபதிக்கும் ஓட்டு: போடுவது யார், எதை வைத்துப் போடுவது?

(நமது நாகபுரி கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "ஏதாவது உபயோகமான விஷயமாகப் பேசுங்கோ சார். ஆனால் அரைமணிக்கு மேல் போக வேண்டாம், டிபன் ஆறிவிடும்" என்றார். ஆகவே கூடியவரை சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான் சட்டம் படித்தவன் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய அரசின் ஒரு துறையில் சேர்ந்து, பல ஊர்களில் வேலை பார்த்து, 2010-ஆம் வருஷம் ஜனவரியில் ஓய்வு பெற்றவன். கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல இரண்டு தடவை போனதோடு சரி. அப்படிப்பட்ட நான் இன்றைக்கு நீதிபதிகளைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் என் சொந்த உத்தியோகத்தில் நான் செய்த ஒரு தப்பில் போய் முடிகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற அந்த வருஷமே, ஐப்பசி மாதத்தை ஒட்டி, நானும் என் மனைவியும் அமெரிக்கா போயிருந்தோம். என் அக்கா பிள்ளை அங்கே அயோவா மாநிலத்தில் இருக்கிறான். மாநிலத் தலைநகரின் பெயர் டெ மாயின். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பேர் போன ஊர். அவனும் அப்படி ஒரு கம்பெனியில்தான் வேலை. எண்பதுகளிலேயே போனவன் ஆகையால் குடியுரிமை வாங்கி, ஓட்டும் வாங்கிவிட்டான்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாடு ஆனபிறகு, தபாலில் வந்த வாக்குச்சீட்டை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முன்பக்கம் கவர்னர், செனட்டர் என்று நமக்குப் புரிகிற பதவிகள். பின்பக்கம் திருப்பினால் வரிசையாக நீதிபதிகளின் பெயர்கள். எதிர்த்து நிற்பவர் பெயர் கிடையாது, கட்சி கிடையாது, சின்னமும் கிடையாது. "இவர் பதவியில் நீடிக்கலாமா?" என்று ஒரே கேள்வி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு இடங்கள். அவ்வளவுதான்.

அவன் பேனாவை என்னிடம் நீட்டி, "மாமா, நீங்கள் முப்பத்தைந்து வருஷம் கவர்ன்மெண்டில் இருந்து எத்தனையோ பேருக்கு ரிப்போர்ட் எழுதினவர். இதில் யாருக்கு ஆம் போடலாம், யாருக்கு இல்லை போடலாம் சொல்லுங்கோ" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அது ரகசியக் குறிப்பு, அதாவது நாம் 'சி.ஆர்.' என்று சொல்வோமே, அதே மாதிரிதான் தெரிந்தது. என்ன வித்தியாசம் என்றால், நம் ஊரில் ஒரே ஒரு மேலதிகாரி மூடிய கவரில் எழுதுவதை, அங்கே லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே நாளில் எழுதுகிறார்கள்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மத்திய அரசின் நீதிபதிகளை ஜனாதிபதி நியமித்து செனட் சபை ஒப்புதல் தருகிறது. நடத்தை சரியாக இருக்கும்வரை ஆயுள் முழுக்கப் பதவி. மாநில நீதிமன்றங்கள் வேறு விதம். பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு கட்டத்தில் நீதிபதிகள் ஜனங்களின் ஓட்டுக்கு வந்தே ஆகவேண்டும். பல இடங்களில் நம் எம்.எல்.ஏ. தேர்தல் மாதிரி இரண்டு பேர் போட்டி போடுவதும் உண்டு.

அந்தப் போட்டித் தேர்தல் ஒரு கீழ்க்கோர்ட் நீதிபதியை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அலபாமா மாநிலத்தில் ஜேம்ஸ் எட்வின் ஹார்ட்டன் என்று ஒருவர். 1878-இல் பிறந்தவர். சட்டம் படித்து, மாநில சட்டசபையில் இருந்து, 1922-இல் வட்டார நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1928-இல் மறுபடியும் ஜெயித்தார். ஊரில் நல்ல பெயர். ஆறு வருஷத்துக்கு ஒரு தரம் தேர்தல் என்பதால் அடுத்த தேர்தல் 1934-இல் வரவேண்டும்.

இடையில் ஒரு வழக்கு வந்தது. 1931-இல் ஒரு சரக்கு ரயிலில் போன ஒன்பது கறுப்பினப் பையன்கள்மேல், இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றச்சாட்டு. ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில் அவசர அவசரமாக விசாரணை நடந்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். சரியான வக்கீல் உதவி தரப்படவில்லை என்று 1932-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. மறு விசாரணை 1933-இல் ஹார்ட்டன் முன்னால் வந்தது. முதலில் ஹேவுட் பாட்டர்ஸன் என்ற பையன். ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், மறுபடியும் மரண தண்டனை என்றார்கள்.

ஹார்ட்டன் சாட்சியங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். புகார் சொன்ன பெண்ணின் வாக்குமூலம், அவரைப் பரிசோதித்த டாக்டரின் சாட்சியத்தோடு ஒத்துப்போகவில்லை. வேறு ஆதாரமும் அதைத் தாங்கவில்லை. 1933 ஜூன் 22 அன்று நிறைந்த கோர்ட்டில், ஜூரிகளின் முடிவைத் தள்ளி வைத்துப் புது விசாரணைக்கு உத்தரவிட்டார். அந்தக் காலத்து அலபாமாவில் இதற்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வழக்கையும் அவரிடமிருந்து வேறு நீதிபதிக்கு மாற்றிவிட்டார்கள். 1934 தேர்தலில் அவர் தோற்றார். அதன்பின் அவர் நீதிபதியாகவே இல்லை. வக்கீல் தொழிலும் விவசாயமும் பார்த்துக்கொண்டு 1973 வரை இருந்தார்.

பாட்டர்ஸனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்தடுத்த விசாரணைகளில் தண்டனை விதித்தார்கள். அவர் இறந்து வெகுகாலம் ஆனபிறகு, 2013-இல்தான் அலபாமா மாநிலம் அவருக்கு மன்னிப்பு வழங்கியது. அதாவது, ஒரு கீழ்க்கோர்ட் நீதிபதி 1933-இல் பார்த்ததை அவருடைய மாநிலம் ஒத்துக்கொள்ள எண்பது வருஷம் ஆயிற்று. ஓட்டுப் போட்ட ஜனங்களோ அவருக்கு ஒரு வருஷம்தான் கொடுத்தார்கள்.

போட்டித் தேர்தலில் இப்படி ஒரு ஆபத்து என்றால், கட்சி முதலாளிகளின் பிடி இன்னொரு ஆபத்து. மிஸௌரி மாநிலத்தில் கான்ஸாஸ் சிட்டியை ஒரு கட்சித் தலைவரின் கூட்டம் தன் கைக்குள் வைத்திருந்தது. யார் நீதிபதி என்பதிலும் அவர்கள் கை இருந்தது. அலுத்துப்போன ஜனங்கள் 1940-இல் ஓட்டுப்போட்டு ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்கு 'மிஸௌரி திட்டம்' என்றே பெயர்.

அதன் சாரம் இது. வக்கீல்களும் பொதுஜனங்களும் அடங்கிய ஒரு குழு, தகுதியானவர்களின் சிறிய பட்டியலைத் தயார் செய்யும். கவர்னர் அதிலிருந்து ஒருவரை நியமிப்பார். அவர் குறைந்தது ஒரு வருஷம் வேலை பார்த்தபிறகு ஜனங்கள் முன்னால் வருவார். எதிராளி கிடையாது. நீடிக்கலாமா, வேண்டாமா என்பது மட்டுமே கேள்வி. பாதிக்கு மேல் 'ஆம்' என்றால் அடுத்த தவணை. இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டும்.

அயோவா 1962-இல் இதை ஏற்றுக்கொண்டது. அங்கே மாவட்ட நீதிபதிக்குத் தவணை ஆறு வருஷம், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு எட்டு வருஷம். எழுபத்திரண்டு வயதில் ஓய்வு. ஒரு மாவட்ட நீதிபதி ஐம்பது வயதில் பதவிக்கு வந்தால், ஓய்வு பெறுவதற்குள் நான்கு தடவையாவது ஜனங்களிடம் பரீட்சை எழுதியாக வேண்டும். சாதாரணமாக எல்லோரும் பாஸ்தான். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்கூட 1962-க்குப் பிறகு தோற்றதில்லை, நான் போயிருந்த அந்த 2010 வரையில்.

அந்த வருஷம் என்ன விசேஷம்? டெ மாயின் நகரம் இருக்கும் போல்க் கவுண்டியில் ராபர்ட் ஹான்ஸன் என்று ஒரு மாவட்ட நீதிபதி. 2007 ஆகஸ்ட் 30 அன்று, ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்வதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். அப்பீல் முடியட்டும் என்று மறுநாளே தன் உத்தரவை நிறுத்தியும் வைத்தார். அப்பீல் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2009 ஏப்ரல் 3 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக ஹான்ஸனின் தீர்ப்பு சரி என்றார்கள்.

அந்தத் தீர்ப்பு நல்லதா கெட்டதா என்று நான் இங்கே பேச வரவில்லை. இந்த ஹாலிலேயே பத்துப் பேரைக் கேட்டால் பல அபிப்பிராயம் வரும். நான் பேசுவது, அதைச் சொன்ன நீதிபதிகளுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி மட்டும்.

அயோவாவில் பெரிய கிளர்ச்சி. நாங்கள் போயிருந்த சமயம், வாக்குச்சீட்டைத் திருப்பி 'இல்லை' போடுங்கள் என்று டி.வி.யில் விளம்பரம், பஸ் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரசாரம். வெளி மாநில அமைப்புகளின் பணமும் வந்து இறங்கியது. பட்டியலில் இருந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூன்று பேரும் தங்களுக்கென்று தேர்தல் கமிட்டி போடவில்லை, பணம் வசூலிக்கவும் இல்லை. நீதிபதி நன்கொடை வாங்கினால், நாளைக்கு நன்கொடை கொடுத்தவர் வழக்கில் என்ன செய்வார் என்ற கேள்வி வரும் அல்லவா?

தேர்தல் நவம்பர் 2. மூன்று நாள் கழித்து தீபாவளி. மருமான் வீட்டில் லேகியம் கிளறிக்கொண்டே முடிவுகளைப் பார்த்தோம். தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரைட், டேவிட் பேக்கர் மூவரும் தோற்றார்கள். ஆனால் அதே சீட்டில் இருந்த ஹான்ஸன், முதன்முதலில் அந்தத் தீர்ப்பைச் சொன்ன கீழ்க்கோர்ட் நீதிபதி, நீடித்தார். அவருடைய பெயர் டெ மாயின் வட்டாரத்து வாக்காளர்களுக்கு மட்டும்தான் போயிற்று. மற்ற மூவர் பெயரும் மாநிலம் முழுவதற்கும் போயிற்று.

இன்னும் ஒன்று கேளுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் மார்க் கேடி என்ற நீதிபதி. அவருடைய தவணை 2010-இல் முடியவில்லை. ஆகவே பட்டியலில் இல்லை. 2016-இல் அவர் பெயர் வந்தது. அதற்குள் ஜனங்களின் கோபம் ஆறிவிட்டது. அவரும் நீடித்தார். நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஃபைலில் நோட் போட்டவரும் தப்பினார், விரிவாக டிராஃப்ட் எழுதியவரும் தப்பினார், கீழே கையெழுத்துப் போட்ட மூன்று பேர் மாட்டினார்கள்!

நான் பௌதிகம் படித்தவன் என்று சொன்னேன். ஒரே பொருளை ஒரே தராசில் மூன்று தடவை நிறுத்து, மூன்று விதமான எடை வந்தால், நாங்கள் பொருளைச் சந்தேகப்பட மாட்டோம். தராசைத்தான் சந்தேகப்படுவோம். இங்கே பொருள் ஒன்றுதான், அந்த ஒரு தீர்ப்பு. வருஷம் மாறினால் ஒரு விடை, எல்லைக்கோடு மாறினால் இன்னொரு விடை வருகிறது. அப்படியானால் அந்த ஓட்டு நீதிபதியின் வேலையை அளக்கவில்லை. அன்றைக்கு ஊரில் எவ்வளவு கோபம் இருந்தது என்பதைத்தான் அளந்தது. ஜுரம் அதிகமாகக் காட்டுகிறது என்பதற்காக தெர்மாமீட்டரை உடைக்கிற கதைதான் அது.

சரி, அப்படியானால் ஜனங்களுக்கு இதில் இடமே கூடாதா? அப்படியும் நான் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் மருமானின் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு கிழவி. எழுபத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தீபாவளி பட்சணம் கொடுக்கப் போனபோது பேச்சு இதில் திரும்பியது. அவர் சொன்னார்: "மேல் கோர்ட்டுக்காரர்களை எனக்குத் தெரியாது, அந்த இடங்களைக் காலியாக விட்டுவிட்டேன். ஆனால் கீழே ஒரு மாவட்ட நீதிபதி பெயர் இருந்தது. அவர் கோர்ட்டில் நான் நாலு நாள் ஜூரியாக உட்கார்ந்திருக்கிறேன். குற்றவாளிக் கூண்டில் இருந்தவனையும் அவர் மரியாதையாகத்தான் கூப்பிட்டார். யாரையும் பாதியில் நிறுத்தவில்லை. குறித்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தி வரவில்லை. அவருக்கு ஆம் போட்டேன்."

அந்த அம்மாள் போட்டதுதான் ஓட்டு. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினார். பார்க்காததைப் பற்றி எழுதவில்லை. முப்பத்தைந்து வருஷம் சி.ஆர். எழுதிய எனக்கு அந்த ஒழுக்கம் இருந்ததா என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த அம்மாளைப் போன்றவர்களை முறையாகக் கேட்கும் மாநிலங்களும் அங்கே இருக்கின்றன. அலாஸ்காவில் இதற்கென்றே ஒரு கவுன்சில் உண்டு. நீதிபதிக்கு ஓட்டு வருவதற்கு முன்னால், அவரிடம் வழக்காடிய வக்கீல்கள், போலீஸ்காரர்கள், கோர்ட் ஊழியர்கள், ஜூரியாக உட்கார்ந்தவர்கள் என்று எல்லோரிடமும் விசாரித்து, நீடிக்கலாம் அல்லது வேண்டாம் என்று வெளிப்படையாகச் சிபாரிசு செய்கிறார்கள். ஓட்டு ஜனங்களுடையதுதான், ஆனால் இருட்டில் போடுவதல்ல. அயோவாவிலும் வக்கீல்கள் சங்கம் தன் அங்கத்தினர்களின் மதிப்பீட்டை வெளியிடுகிறது. 2010-இல் அந்த மூன்று நீதிபதிகளையும் நீடிக்கலாம் என்றுதான் பெருவாரியான வக்கீல்கள் சொல்லியிருந்தார்கள். அன்றைய கோபத்தில் அது எடுபடவில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். நம்மிடம் நீதிபதிக்கு ஓட்டு இல்லை. மாவட்ட நீதிமன்றங்களும் அவற்றின் கீழ் உள்ளவையும் அரசியலமைப்பின் 235-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. முன்ஸீப்பாகச் சேரும் இளைஞர் ஜில்லா ஜட்ஜ் ஆவது வரைக்கும், வருஷா வருஷம் மேலே இருப்பவர்கள் எழுதும் குறிப்புதான் அவர் ஜாதகம். எத்தனை வழக்கு முடித்தார், தீர்ப்பின் தரம் என்ன, நாணயம் எப்படி என்று அதில் இருக்கும்.

இதிலும் ஆபத்து உண்டு. சின்ன ஊர் கோர்ட்டில் ஒவ்வொரு தீர்ப்பிலும் ஒருவர் தோற்கிறார். தோற்றவரும் அவர் வக்கீலும் மொட்டைக் கடிதாசு எழுதுவது புதிதல்ல. 1988-இல் ஈஸ்வர் சந்த் ஜெயின் என்ற நீதித்துறை அதிகாரியின் வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்துச் சொன்னது. நேர்மையான கீழ்க்கோர்ட் நீதிபதிக்கு எதிரிகள் இருப்பது இயல்பு, அற்பப் புகார்களை வைத்துக்கொண்டு அவரை வதைக்காமல் காப்பாற்றுவதும் உயர் நீதிமன்றத்தின் கடமை என்பது அதன் கருத்து. நம் ஊர் ஹார்ட்டன்களுக்கு அது ஒரு குடை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

உத்தியோகத்தில் நான் சின்னவனாக இருந்தபோது, அளந்து பார்க்காமல் ஒரு காண்டிராக்டர் பில்லில் கையெழுத்துப் போட மறுத்தேன். அந்த வருஷம் என் சி.ஆரில் 'வெரி குட்' இருக்கவேண்டிய இடத்தில் 'குட்' என்று விழுந்தது. 'குட்' என்பது குறை சொல்லும் வார்த்தை அல்ல. ஆகவே எனக்குத் தெரிவிக்கவேண்டிய அவசியம் இல்லை என்பது அன்றைய விதி. பதவி உயர்வுக் கமிட்டிக்கோ 'வெரி குட்' வேண்டும். என் ஜூனியர்கள் மேலே போனார்கள். ஏன் என்று எனக்குத் தெரிய மூன்று வருஷம் ஆயிற்று, அதுவும் ஒரு ஹெட்கிளார்க் புண்ணியத்தில்.

இவ்வளவு பட்டவன் என்ன செய்திருக்கவேண்டும்? பிறகு நானே பலருக்கு ரிப்போர்ட் எழுதும் இடத்துக்கு வந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் ஒருவர் வேலை பார்த்தார். வாய் கொஞ்சம் துடுக்கு, வேலையில் படு சுத்தம். ஒரு கொள்முதல் ஃபைலில் அவர் எழுதிய ஆட்சேபணை என் மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. "இந்த வருஷம் அவருக்கு என்ன எழுதப் போகிறீர்கள்?" என்று மட்டும் என்னைக் கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு அடுத்த வருஷம் மாற்றல் வரவேண்டிய சமயம். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு. நான் 'குட்' என்று எழுதினேன். மூடின கவர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அவருக்கும் பதவி உயர்வு தள்ளிப்போயிற்று.

2008 மே மாதம் தேவ் தத் என்ற இன்ஜினீயரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ, எழுதும் ஒவ்வொரு குறிப்பையும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சொன்னது. அவருக்கும் இதே 'குட்'தான் குறுக்கே நின்றது. அதன் பின்னால் 2009-இல் மத்திய அரசு உத்தரவு போட்டு, சி.ஆர். என்ற பெயரையே மாற்றி, முழு அறிக்கையையும் அதிகாரியிடம் காட்டி, பதினைந்து நாளில் அவர் பதில் சொல்லலாம் என்று ஆக்கியது. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக எழுதிய சில அறிக்கைகள் அந்தப் புது முறையில்தான். எழுதப்படுபவர் படிக்கப் போகிறார் என்று தெரிந்தால் பேனா எவ்வளவு ஜாக்கிரதையாகப் போகிறது என்பதை அப்போதுதான் கண்டேன்.

அயோவாவிலிருந்து திரும்பி வந்தபிறகு, 2011-இல், அந்தப் பழைய சகாவின் நம்பரைத் தேடிப்பிடித்து போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அப்போதே தெரியும் சார்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேத்தி ஸ்கூலிலிருந்து வரும் நேரம் என்று வைத்துவிட்டார்.

ஹார்ட்டனையும் என்னையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவருக்கு எதிரே ஒரு ஜில்லா முழுக்க ஓட்டு இருந்தது. எனக்கு எதிரே ஒரே ஒரு மனிதர், ஒரே ஒரு கேள்வி. அவர் பதவியை விட்டார். நான் ஒரு மாற்றலுக்குப் பயந்தேன். ஆகவே, ஜனங்கள் ஓட்டுப் போடுவதால்தான் நீதி கெடுகிறது என்று நான் எளிதாகச் சொல்லிவிட முடியாது. மூடிய கவரிலும் கெடும். என் கையாலேயே கெட்டிருக்கிறது.

நான் கடைசியாக வந்து சேர்ந்த அபிப்பிராயம் இதுதான். ஒருவர் வேலையை எடைபோடுவது ஜனங்களா, மேலதிகாரியா என்பது இரண்டாம்பட்சம். முதலாவது, எடைபோடுபவர் அந்த வேலையைக் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். இரண்டாவது, என்ன எழுதினார் என்பது எழுதப்பட்டவருக்குத் தெரியவேண்டும், பதில் சொல்ல வழி இருக்கவேண்டும். மூன்றாவது, பல வருஷ வேலையைப் பார்க்கவேண்டுமே தவிர, பிடிக்காத ஒரு தீர்ப்பை, ஒரு ஃபைலை வைத்துத் தலையெழுத்தை நிர்ணயிக்கக் கூடாது. அயோவாவில் 2010-இல் மூன்றாவது விட்டுப்போயிற்று, முதலாவது பலருக்கு இல்லை. நம் பழைய சி.ஆரில் இரண்டாவது அடியோடு இல்லை. நம் கீழ்க்கோர்ட் நீதிபதிகளை மதிப்பிடும்போது, அங்கே தினமும் வந்து நிற்கும் கட்சிக்காரர், சாட்சி, இளம் வக்கீல் இவர்களையும் அலாஸ்காவில் செய்வது போல முறையாகக் கேட்டால் நல்லது என்பது என் தாழ்மையான கருத்து. ஓட்டு வேண்டாம். கேட்டால் போதும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பாதிப் பேர் கம்பெனிகளில் மானேஜர். வருஷ முடிவில் அப்ரைஸல் என்று எழுதுகிறீர்கள். உங்கள் மேலதிகாரி உங்களிடமும் அந்தக் கேள்வியை ஒரு நாள் கேட்பார். "அவருக்கு என்ன எழுதப் போகிறீர்கள்?" அப்போது இந்தக் கிழவனின் ஞாபகம் வரட்டும். பார்த்ததை எழுதுங்கள். பார்க்காத இடத்தைக் காலியாக விடுங்கள்.

அடுத்த மாதம் நம் கிளைக்கே நிர்வாகக் குழுத் தேர்தல் வருகிறது. போன தடவை ஓட்டுப்போட வந்தவர்களைவிட டிபனுக்கு வந்தவர்கள் அதிகம் என்று செயலாளர் வருத்தப்பட்டார். இந்தத் தடவை இரண்டுக்கும் வாருங்கள்.